மலப் பரிசோதனையில் ஈ.கோலை அதிகம் என்று வந்திருக்கிறது, புற்றுநோய் வருமா டாக்டர்?

கேள்வி: டாக்டர், வணக்கம். எனக்கு வயது 37. 12 வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடலில் நாள்பட்ட அழற்சியும் புண்ணும்) இருக்கிறது. பெருங்குடல் முழுவதும் பாதிப்பு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்கள். முதல் சில வருடங்கள் ரொம்பக் கஷ்டப்பட்டேன், இரண்டு முறை ஸ்டீராய்டு எடுக்க வேண்டி வந்தது. கடந்த மூன்று வருடமாக ரத்தம் போவதில்லை, வயிற்றுவலி இல்லை. அதனால் ஒரு வருடத்துக்கு முன்பு அழற்சியை அடக்கும் மெசலமைன் மாத்திரையை நானாகவே நிறுத்திவிட்டு, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் கேப்ஸ்யூல் மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கடைசியாக கொலோனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் சோதனை) செய்து ஐந்து வருடம் ஆகிறது. போன மாதம் ஆர்வத்தில், குடல் பாக்டீரியாவைப் பரிசோதிக்கும் ஒரு மலப் பரிசோதனையை ஆன்லைனில் பணம் கட்டிச் செய்துபார்த்தேன். 'ஈ.கோலை அதிகம், நல்ல பாக்டீரியா குறைவு' என்று சிவப்பு எழுத்தில் வந்திருக்கிறது. ஈ.கோலைதான் பெருங்குடல் புற்றுநோய்க்குக் காரணம் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. ஆன்டிபயாடிக் போட்டு அதைக் கொன்றுவிடலாமா? வேறு என்ன செய்யலாம்? இன்னொன்று, என் நான்கு வயது மகன் என் தட்டிலிருந்துதான் சாப்பிடுவான். அவனுக்கு இது ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தது ஈ.கோலை இல்லை. மாத்திரையை நீங்களாக நிறுத்தியதும், ஐந்து வருடமாக கொலோனோஸ்கோப்பி செய்யாமல் இருப்பதும்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், இந்த இரண்டையும் நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் சொல்லிவிட்டு, அந்தச் சிவப்பு எழுத்து ரிப்போர்ட்டுக்குப் பாதிக் கடிதத்தை ஒதுக்கியிருக்கிறீர்கள். நான் அதைத் தலைகீழாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. ஆனால் நீங்கள் படித்தது முழுப் பொய்யும் இல்லை. ஈ.கோலைக்கும் பெருங்குடல் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கிறது, அது நிஜமான, நன்றாக ஆராயப்பட்ட தொடர்பு. அந்தக் கதையைச் சரியாகப் புரிந்துகொண்டால் ஏன் ஆன்டிபயாடிக் வேண்டாம், ஏன் மாத்திரை வேண்டும் என்பது தானாக விளங்கிவிடும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் பயம் எந்த அளவுக்கு நியாயம் என்று பார்ப்போம். நாள்பட்ட அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் உள்ளவர்களுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் வருகிறது என்பதை 1925லேயே க்ரோன், ரோசன்பர்க் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். (க்ரோன் என்றால், ஆமாம், க்ரோன்ஸ் என்ற இன்னொரு குடல் அழற்சி நோய்க்குப் பெயர் கொடுத்த அதே க்ரோன்தான்.) 2001ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்குப் போட்டபோது, நோய் தொடங்கி 10 வருடத்தில் 2 சதவீதம், 20 வருடத்தில் 8 சதவீதம், 30 வருடத்தில் 18 சதவீதம் பேருக்கு வரலாம் என்று வந்தது. இணையத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கும் எண்கள் இவைதான். பிறகு வந்த கணக்குகளில் இது கணிசமாகக் குறைந்துவிட்டது. மருந்துகள் மேம்பட்டதும், முன்கூட்டியே கண்டுபிடிக்கும் பழக்கம் வந்ததும், பழைய கணக்குகளில் பெரிய மருத்துவமனைகளுக்கு வந்த மோசமான நோயாளிகளே அதிகம் இருந்ததும் இதற்குக் காரணங்கள். எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்தும் இல்லை. மலக்குடலோடு நோய் நின்றுவிட்டவருக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பெரிதாகக் கூடுவதில்லை. குடல் முழுவதும் பரவியவருக்கு, பல வருடம் அழற்சி அடங்காமல் இருந்தவருக்கு, ரத்த உறவில் பெருங்குடல் புற்றுநோய் வந்தவருக்கு, பித்தநாளங்கள் தழும்பேறிச் சுருங்கும் பி.எஸ்.சி. என்ற நோய் கூடவே இருப்பவருக்குத்தான் அதிகம். இதில் நீங்கள் முதல் வகையில் கட்டாயம் இருக்கிறீர்கள், இரண்டாவதிலும் ஓரளவு இருக்கிறீர்கள். பீதி அடையும் இடம் இல்லை, அலட்சியமாக இருக்கும் இடமும் இல்லை.

சரி, பாக்டீரியா இதில் எங்கே வருகிறது?

நம் உடம்பில் சுமார் 38 லட்சம் கோடி பாக்டீரியா இருப்பதாக ஒரு மதிப்பீடு உண்டு. பெரும்பாலானவை குடியிருப்பது பெருங்குடலில். இவ்வளவு கூட்டம் இருந்தும் சண்டை வராமல் இருக்கக் காரணம், அவை குடல் சுவரைத் தொடுவதே இல்லை. குடல் தன் மேல் இரண்டு அடுக்காகச் சளி பூசிக்கொள்கிறது. வெளி அடுக்கில் பாக்டீரியா வாழும், சுவரை ஒட்டிய உள் அடுக்கில் அநேகமாக ஒன்றுகூட இருக்காது. அதோடு ஒரு கொடுக்கல் வாங்கலும் நடக்கிறது. நாம் சாப்பிடும் நார்ச்சத்தை நம்மால் செரிக்க முடியாது, சில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் என்ற ஒரு சின்னக் கொழுப்பு அமிலத்தைச் செய்துதருகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் முக்கிய எரிபொருள். அந்த எரிபொருளை எரிக்கும்போது செல்கள் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுவதால் குடலின் உட்பக்கம் ஆக்ஸிஜன் இல்லாத இடமாக இருக்கிறது, ஆக்ஸிஜன் ஆகாத நல்ல பாக்டீரியாக்கள் அங்கே சுகமாக வாழ்கின்றன, வாழ்ந்து மறுபடி பியூட்டிரேட் செய்கின்றன. ஒருவரை ஒருவர் வாழவைக்கும் இந்த ஏற்பாட்டை நான் மாணவனாக இருந்தபோது யாரும் சொல்லித்தரவில்லை. குடல் பாக்டீரியா என்றால் 'அது பாட்டுக்கு அங்கே கிடக்கும்' என்பதோடு பாடம் முடிந்துவிடும்.

அழற்சி வந்தால் இந்த ஏற்பாடு குலைகிறது. சளி மெலிகிறது, பாக்டீரியா சுவரைத் தொடுகிறது, நோய் எதிர்ப்புச் செல்கள் படையெடுத்து வருகின்றன. அவை வீசும் ரசாயனங்கள் கிருமியை மட்டும் தாக்குவதில்லை, பக்கத்தில் இருக்கும் நம் செல்களின் டிஎன்ஏவையும் சிதைக்கின்றன. கூடவே 'புண்ணாகிவிட்டது, சீக்கிரம் பெருகு, சாகாதே' என்று குடல் செல்களுக்குச் சமிக்ஞைகள் போகின்றன. டிஎன்ஏ உடைந்திருக்கும் நேரம் பார்த்துப் பெருகச் சொன்னால் என்ன ஆகும்? பிழையோடு பெருகும். பத்து, இருபது வருடம் இது நடந்துகொண்டே இருந்தால் என்றாவது ஒரு செல் கட்டுப்பாட்டை மீறும். புற்றுநோய்க்கு அழற்சி தரும் பங்கு சுருக்கமாக இவ்வளவுதான்.

அப்படியானால் அழற்சி மட்டுமே போதுமா, பாக்டீரியா வெறும் வேடிக்கை பார்க்கிறதா என்ற கேள்விக்குத்தான் 2012ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு அழகாகப் பதில் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது, அதனால் விவரமாகச் சொல்கிறேன். இன்டர்லூக்கின்-10 என்பது நம் உடம்பில் அழற்சியை அடக்கும் ஒரு பொருள். அதைச் செய்யமுடியாதபடி மரபணு மாற்றிய எலிகளுக்குத் தானாகவே குடல் அழற்சி வரும். ஆனால் அதே எலிகளைப் பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட இல்லாத கூண்டில் வளர்த்தால் அழற்சி வராது. பாக்டீரியா இல்லையென்றால் சண்டையே இல்லை, இது முன்பே தெரிந்தது. இந்த ஆய்வில், அப்படிக் கிருமியில்லாமல் வளர்த்த எலிகளில் ஒரு கூட்டத்துக்கு ஈ.கோலையை மட்டும் கொடுத்தார்கள், இன்னொரு கூட்டத்துக்கு என்டரோகாக்கஸ் என்ற வேறு பாக்டீரியாவை மட்டும் கொடுத்தார்கள், இரண்டு கூட்டத்துக்கும் புற்றுநோயைத் தூண்டும் ரசாயனம் ஒன்றையும் கொடுத்தார்கள். இரண்டிலும் கடுமையான அழற்சி வந்தது. ஆனால் கட்டிகள் அதிகமாக வந்தது ஈ.கோலை கூட்டத்தில்தான்.

அழற்சி ஒரே மாதிரி, புற்றுநோய் வேறு மாதிரி. காரணம் என்ன? அந்த ஈ.கோலையின் மரபணுத் தொகுப்பில் பிகேஎஸ் என்று ஒரு துண்டு இருக்கிறது. அந்தத் துண்டு கோலிபாக்டின் என்ற நச்சைச் செய்யும், அந்த நச்சு நம் செல்களின் டிஎன்ஏவின் இரண்டு இழைகளையும் உடைக்கும் என்று 2006லேயே பிரான்சில் ஒரு குழு கண்டுபிடித்திருந்தது. அந்தத் துண்டை வெட்டி எடுத்துவிட்டு அதே ஈ.கோலையை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். அழற்சி குறையவில்லை, அப்படியே இருந்தது. கட்டிகள் மட்டும் குறைந்துவிட்டன.

இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அழற்சி ஒரு வேலை செய்கிறது, பாக்டீரியாவின் நச்சு இன்னொரு வேலை செய்கிறது, இரண்டும் சேரும்போதுதான் விபரீதம் முழுமையாகிறது. அதே ஆய்வில் மனிதர்களின் குடல் திசுவையும் பார்த்தார்கள். பிகேஎஸ் உள்ள ஈ.கோலை, பெருங்குடல் புற்றுநோய் உள்ளவர்களில் சுமார் 67 சதவீதம் பேரிடமும், குடல் அழற்சி நோய் உள்ளவர்களில் 40 சதவீதம் பேரிடமும், இரண்டும் இல்லாதவர்களில் 21 சதவீதம் பேரிடமும் இருந்தது. சோதித்தவர்களின் எண்ணிக்கை சிறியது, அதனால் இந்தச் சதவீதங்களைக் கல்லில் செதுக்க வேண்டாம். ஆனால் கடைசி எண்ணைக் கவனியுங்கள். ஒரு நோயும் இல்லாதவர்களிலும் ஐந்தில் ஒருவர் இந்தக் கிருமியோடுதான் நடமாடுகிறார்.

2020ல் இன்னொரு படி மேலே போனார்கள். ஆய்வகத்தில் மனிதக் குடல் செல்களிலிருந்து வளர்த்த குட்டிக் குடல் உருண்டைகளுக்குள் இந்த ஈ.கோலையை ஐந்து மாதம் திரும்பத் திரும்பச் செலுத்தி, பிறகு டிஎன்ஏவைப் படித்துப் பார்த்தபோது கோலிபாக்டினுக்கே உரிய ஒரு பிழை வரிசை, கிட்டத்தட்ட கைரேகை மாதிரி, பதிந்திருந்தது. அதே கைரேகை நிஜ நோயாளிகளின் பெருங்குடல் புற்றுநோய்க் கட்டிகள் சிலவற்றிலும் கிடைத்தது. 2025ல் 11 நாடுகளிலிருந்து 981 கட்டிகளை ஆராய்ந்த ஒரு பெரிய ஆய்வில், 70 வயதைத் தாண்டி நோய் வந்தவர்களைவிட 40 வயதுக்குள் வந்தவர்களிடம் இந்தக் கைரேகை 3.3 மடங்கு அதிகம் காணப்பட்டது. நீங்கள் படித்துப் பயந்தது அநேகமாக இந்தச் செய்தியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆய்வு பொதுவாக வரும் பெருங்குடல் புற்றுநோயைப் பற்றியது, உங்களைப் போன்ற அழற்சி நோயாளிகளைத் தனியாக ஆராய்ந்தது அல்ல. அந்தக் கைரேகை சின்ன வயதிலேயே, அநேகமாக முதல் பத்து வருடத்துக்குள், பதிந்திருக்கலாம் என்பதும் அந்த ஆய்வாளர்கள் சொல்வதுதான். அப்படியென்றால் 37 வயதில் இன்றைய மலத்தை எடுத்து ஈ.கோலையைத் தேடுவதில் எவ்வளவு அர்த்தம் இருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

ஈ.கோலை தனி ஆள் இல்லை, கூட்டாளிகளும் உண்டு. பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு சுரக்கும் ஒரு வகை, எலிகளில் ஒருவித அழற்சியைக் கிளப்பிக் கட்டிகளை வளர்க்கிறது. பொதுவாக வாயில், ஈறு ஓரத்தில் குடியிருக்கும் ஃபியூஸோபாக்டீரியம் பெருங்குடல் கட்டிகளுக்குள் போய்க் குடியேறியிருப்பதை 2011 வாக்கில் இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்தன. அது கட்டியை உண்டாக்குகிறதா, கட்டி வந்தபின் வசதியான இடம் என்று வந்து ஒட்டிக்கொள்கிறதா என்ற விவாதம் இன்னும் நடக்கிறது. உங்கள் விஷயத்துக்கு இவை இரண்டாம் பட்சம்.

உங்கள் விஷயத்துக்கு முக்கியமானது இனிமேல்தான் வருகிறது. ஈ.கோலை ஏன் உங்களிடம் அதிகமாயிற்று?

ஆரோக்கியமான குடலில் ஈ.கோலை ஒரு சிறுபான்மை. ஆக்ஸிஜன் இல்லாத அந்த இடத்தில் அதற்குப் பெரிதாக வளர வழியில்லை. குடலில் அழற்சி வந்ததும் இரண்டு விஷயம் நடக்கிறது. குடல் செல்கள் பியூட்டிரேட்டை எரிப்பதைக் குறைப்பதால் ஆக்ஸிஜன் உள்ளே கசிகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் வீசிய ரசாயனங்களிலிருந்து நைட்ரேட் என்ற உப்பு உண்டாகிறது. ஆக்ஸிஜன் இல்லாத இடத்தில் ஈ.கோலைக்கு நைட்ரேட்டைக் கொண்டு சுவாசிக்கத் தெரியும், நல்ல பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்குத் தெரியாது. வீடு தீப்பிடித்தால் எல்லோரும் ஓடுவார்கள், திருடன் மட்டும் உள்ளே வருவான் இல்லையா, அந்தக் கதைதான். இதை 2013ல் எலிகளில் நிரூபித்தார்கள். பிறகு அதே வழியில் வந்த ஆய்வாளர்கள், ஈ.கோலை குடும்பத்தின் இந்தச் சுவாசத்தை மட்டும் தடுக்கும் ஒரு டங்ஸ்டன் உப்பை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அழற்சியோடு சேர்ந்த கட்டிகள் குறைந்தன என்று 2019ல் எழுதினார்கள். (தயவுசெய்து டங்ஸ்டன் எங்கே கிடைக்கும் என்று தேடாதீர்கள். அது எலிக்கான பரிசோதனை, மனிதருக்கான மருந்து இல்லை.)

ஆக, அழற்சி ஈ.கோலையை வளர்க்கிறது, வளர்ந்த ஈ.கோலை அழற்சியையும் டிஎன்ஏ சேதத்தையும் கூட்டுகிறது, அது மறுபடி... ஒரு சக்கரம். இந்தச் சக்கரத்தை எந்தப் பக்கம் பிடித்து நிறுத்துவது? பாக்டீரியா பக்கம் பிடிக்க இன்று நம் கையில் நம்பகமான கருவி எதுவும் இல்லை. அழற்சிப் பக்கம் பிடிக்கக் கருவிகள் இருக்கின்றன, அதில் ஒன்றைத்தான் நீங்கள் ஒரு வருடத்துக்கு முன்பு அலமாரியில் வைத்து மூடிவிட்டீர்கள்.

அதனால்தான் அந்த ரிப்போர்ட்டை வேறு மாதிரிப் படிக்கச் சொல்கிறேன். ஈ.கோலை எல்லோர் குடலிலும் இருக்கிறது, அதில் பெரும்பாலானவை கோலிபாக்டின் செய்யாதவை, அந்த வகையா இந்த வகையா என்று உங்கள் ரிப்போர்ட் சொல்லவும் இல்லை. மலத்தில் இருப்பதும் குடல் சுவரில் ஒட்டியிருப்பதும் ஒன்றல்ல. ஒரே மாதிரியை இரண்டு ஆய்வகங்களுக்கு அனுப்பினால் இரண்டு விதமான பதில் வருவது சகஜம், எவ்வளவு இருந்தால் 'அதிகம்' என்பதற்கு ஒப்புக்கொண்ட அளவும் கிடையாது. புற்றுநோய் ஆபத்தைக் கணிக்க இந்த மாதிரிப் பரிசோதனையை எந்த மருத்துவ வழிகாட்டுதலும் சிபாரிசு செய்யவில்லை. ஆனாலும் 'ஈ.கோலை அதிகம், பியூட்டிரேட் செய்பவை குறைவு' என்ற அந்த வடிவம், வெளியே தெரியாமல் உள்ளே அழற்சி கனன்றுகொண்டிருக்கும் குடலுக்குப் பொருந்துகிற வடிவம். அதுதான் எனக்கு உறுத்துகிறது. ரத்தம் போகவில்லை என்பதால் அழற்சி இல்லை என்று ஆகாது. அறிகுறி எதுவும் இல்லாமலேயே திசு அளவில் அழற்சி தொடர்வதைப் பயாப்சியில் (குடல் சுவரில் சிறு துண்டு எடுத்து ஆராயும் சோதனையில்) அடிக்கடி பார்க்கிறோம், புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதில் அந்த மௌனமான அழற்சிக்கும் பங்கு உண்டு.

அதைத் தெரிந்துகொள்ளவும் மலப் பரிசோதனைதான், ஆனால் வேறு ஒன்று. கால்ப்ரோடெக்டின் என்று பெயர். வெள்ளையணுக்கள் குடலுக்குள் கொட்டும் ஒரு புரதத்தை அளக்கும். ஒரு கிராம் மலத்தில் 150 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறியும் இல்லையென்றால், அழற்சி அடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மேலே போனால் உள்ளே ஏதோ நடக்கிறது. ஆயிரம் பாக்டீரியாக்களின் பெயர்ப்பட்டியலைவிட இந்த ஓர் எண் உங்களுக்குப் பிரயோஜனம்.

ஆன்டிபயாடிக் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஈ.கோலையை மட்டும் குறிபார்த்துக் கொல்லும் ஆன்டிபயாடிக் கிடையாது, எது கொடுத்தாலும் பியூட்டிரேட் செய்யும் நல்லவையும் சேர்ந்து போகும், நிறுத்தியவுடன் காலியான இடத்தில் முதலில் முளைப்பது பெரும்பாலும் ஈ.கோலை வகையறாதான். அதோடு க்ளாஸ்ட்ரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற கிருமி உள்ளே புகுந்தால், கொலைட்டிஸ் நோயாளியை மருத்துவமனைப் படுக்கையில் தள்ளிவிடும் அளவுக்கு அது மோசமானது. வயிற்றுப்புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரியை ஆன்டிபயாடிக் கொடுத்து ஒழித்து இரைப்பைப் புற்றுநோயைக் குறைக்கிறோமே, இங்கே ஏன் முடியாது என்று தோன்றும். அங்கே ஒரு கிருமி, ஓரளவு காலியான இடம். இங்கே ஒரு பெரிய நகரத்தின் நடுவே ஒருவரைப் பிடிக்க நகரத்தையே கொளுத்த வேண்டியிருக்கும்.

புரோபயாடிக் விஷயத்தில் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதல் உலகப்போரில் சக வீரர்கள் எல்லாம் வயிற்றுக்கடுப்பில் விழுந்தபோது ஒரு வீரருக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆல்ஃபிரட் நிஸ்ஸில் என்ற ஜெர்மன் மருத்துவர் 1917ல் அவருடைய மலத்திலிருந்து ஓர் ஈ.கோலையைப் பிரித்தெடுத்தார். ஈ.கோலை நிஸ்ஸில் 1917 என்ற பெயரில் அது இன்றும் புரோபயாடிக்காக விற்பனையாகிறது. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் திரும்ப வராமல் தடுப்பதில் மெசலமைனுக்கு ஏறக்குறைய இணையாகப் பரிசோதனைகளில் தேறிய ஒரே ஈ.கோலையும் அதுதான். அந்த நிஸ்ஸிலிடம் பிகேஎஸ் துண்டு இருக்கிறது, கோலிபாக்டினும் செய்கிறது! அதை எடுத்துக்கொண்டவர்களுக்குப் புற்றுநோய் வந்ததாக இதுவரை ஆதாரம் இல்லை. ஆனால் கிருமிகளை 'நல்லது, கெட்டது' என்று இரண்டு வரிசையில் நிறுத்திவைப்பது எவ்வளவு கஷ்டம் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. உங்கள் கேப்ஸ்யூலில் இருப்பது லாக்டோபாசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் வகையாக இருக்கலாம். பெரும்பாலும் கெடுதல் செய்யாது. புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, மெசலமைனுக்கு மாற்று என்பதற்கும் இல்லை. நிறுத்திவிட்டால் பணம் மிச்சம். ஆரோக்கியமானவரின் மலத்தை உங்கள் குடலுக்குள் செலுத்தும் சிகிச்சை பற்றியும் படித்திருப்பீர்கள். கொலைட்டிஸில் சில பரிசோதனைகளில் பலன் தெரிந்திருக்கிறது, ஆனால் அது ஆய்வுக்குள் மட்டும் செய்ய வேண்டியது, வீட்டில் முயற்சி செய்யும் சமாச்சாரம் இல்லவே இல்லை.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது.

இந்த வாரமே உங்கள் குடல் மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள், திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். அலமாரியில் மிச்சமிருக்கும் பழைய மாத்திரையை நீங்களாகவே மறுபடி ஆரம்பிக்க வேண்டாம். மெசலமைன் அபூர்வமாகச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு, கால்ப்ரோடெக்டினும் பார்த்துவிட்டு, எந்த மருந்து எந்த அளவில் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அழற்சி பலமாக இருந்தால் மெசலமைன் போதாமல் அடுத்த கட்ட மருந்து தேவைப்படவும் கூடும். மெசலமைன் எடுத்துக்கொள்பவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல கண்காணிப்பு ஆய்வுகள் சொல்கின்றன. அது மருந்தின் தனிக் குணமா, அழற்சியை அடக்குவதால் வரும் பலனா என்று வாதம் நடக்கட்டும், உங்களுக்கு இரண்டில் எது என்றாலும் லாபம்தான்.

அப்புறம் கொலோனோஸ்கோப்பி. குடலில் பரவலாக நோய் உள்ளவர்களுக்கு, அறிகுறி தொடங்கி எட்டு வருடம் ஆனதும் புற்றுநோய்க்கான கண்காணிப்பு கொலோனோஸ்கோப்பி தொடங்க வேண்டும், பிறகு ஆபத்தின் அளவைப் பொறுத்து ஒன்றிலிருந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. உங்களுக்கு 12 வருடம் ஆகிவிட்டது, கடைசியாகச் செய்தது ஏழாவது வருடத்தில், அதுவும் நோய் எப்படி இருக்கிறது என்று பார்க்கச் செய்ததாகத்தான் இருக்கும். முடிந்தால் அழற்சி அடங்கியிருக்கும்போது செய்வது நல்லது, ஏனென்றால் சிவந்து வீங்கிய சுவரில் சந்தேகமான இடத்தைப் பிரித்துப் பார்ப்பது சிரமம். அதற்காக அடங்கட்டும் அடங்கட்டும் என்று தள்ளிப்போடவும் கூடாது. 'கண்காணிப்புக்காக வந்திருக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சாயம் தெளித்துப் பார்க்கும் முறை அல்லது நல்ல துல்லியமான கேமரா உண்டா என்று கேளுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரணமாக வரும் பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் காளான் மாதிரி எழும்பி நிற்கும் பாலிப்பிலிருந்து தொடங்கும். ஏபிசி என்ற மரபணு முதலில் கெடும், பி53 என்ற காவல் மரபணு கடைசிப் பக்கம் கெடும். அழற்சியிலிருந்து வருவதில் வரிசை மாறிவிடுகிறது, பி53 ஆரம்பத்திலேயே போய்விடுகிறது, மாறிய செல்கள் மேடாக எழாமல் கம்பளம் மாதிரித் தட்டையாகப் பரவுகின்றன. சாதாரணப் பார்வைக்கு நழுவிவிடும். பயாப்சியில் டிஸ்பிளேசியா என்று வந்தால் உடனே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, அதற்கு முந்தைய நிலை. கண்ணுக்குத் தெரியும் இடமாக இருந்தால் பெரும்பாலும் கருவி வழியாகவே வெட்டி எடுத்துவிட்டுத் தொடர்ந்து கண்காணிக்கலாம். சில வகைகளில்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேச வேண்டிவரும். இந்தக் கட்டத்தில் பிடிப்பதற்காகத்தான் இவ்வளவு பாடும்.

இடையில் ரத்தம், காரணமில்லாத எடை குறைவு, ரத்தசோகை, இரவில் எழுந்து மலம் போவது, இதில் எது வந்தாலும் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள்.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் அடுத்து அதைத்தான் கேட்பார்கள். நோய் அடங்கியிருக்கும்போது, குடலில் சுருக்கம் எதுவும் இல்லையென்றால், நார்ச்சத்தைப் பயந்து ஒதுக்காதீர்கள், பியூட்டிரேட்டின் மூலப்பொருள் அதுதான். 2015ல் ஒரு ஆய்வில் அமெரிக்கக் கறுப்பினத்தவர்களுக்கும் தென்னாப்பிரிக்கக் கிராமத்தவர்களுக்கும் இரண்டு வாரம் மட்டும் சாப்பாட்டை மாற்றிப்போட்டுப் பார்த்தார்கள். நார்ச்சத்து அதிகமுள்ள உணவுக்கு மாறியவர்களின் குடல் சுவரில் அழற்சிக்கான அறிகுறிகள் குறைந்தன, பியூட்டிரேட் கூடியது. கொழுப்பும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு மாறியவர்களுக்கு நேர் எதிராக நடந்தது. அவர்கள் கொலைட்டிஸ் நோயாளிகள் இல்லை, இரண்டு வார மாற்றம் புற்றுநோயைப் பற்றி நேரடியாக எதுவும் சொல்லாது, இருந்தாலும் குடல் எவ்வளவு சீக்கிரம் கேட்கிறது பாருங்கள். பதப்படுத்திய இறைச்சியைக் குறையுங்கள். எண்ணெயும் நீரும் பிரியாமல் இருக்கப் பாக்கெட் உணவுகளில் சேர்க்கும் சில எமல்சிஃபையர்கள் எலிகளில் குடல் சளியை மெலியவைத்து அழற்சியையும் கட்டிகளையும் கூட்டியிருக்கின்றன. மனிதர்களில் அந்த அளவுக்கு நிரூபணம் இல்லை, ஆனால் அவற்றைக் குறைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. நோய் கிளம்பும் சமயத்தில் இந்த நார்ச்சத்துக் கதையை மூட்டைகட்டிவைத்துவிட்டு வயிறு எதை ஏற்கிறதோ அதைச் சாப்பிடுங்கள்.

உங்கள் மகன் விஷயம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் பாக்டீரியாவைப் பகிர்ந்துகொள்ளத்தான் செய்வார்கள், தட்டைத் தனியாக வைத்தாலும் பகிர்வார்கள், பிறந்த நாளிலிருந்தே அது நடந்துகொண்டிருக்கிறது. கொலைட்டிஸ் ஒட்டுவாரொட்டி நோய் இல்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மற்றக் குழந்தைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பது நிஜம், ஆனால் அது மரபணு வழி, தட்டு வழி இல்லை. அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோருக்கு வருவதே இல்லை. அவனுக்குத் தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள், அவனுக்கும் அந்த ஆன்லைன் பரிசோதனையைச் செய்துவிடாதீர்கள். உங்கள் தட்டிலிருந்து அவன் தாராளமாகச் சாப்பிடட்டும்.